முட்டுக்கட்டை மேல் ஒரு கப்பல்

என் மகன் சேவியர் பினாங்கில் கப்பல் வாங்கிய செய்தி, எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அமராவதிபுதூருக்குத் தெரிந்துவிட்டது. அவன் போன் போடுவது கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு. பூத்துக்காரர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவார். அன்றைக்கு நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவி, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு போய்ச் சேருவதற்குள், "அம்மா வர்ற வரைக்கும் எங்கிட்டச் சொல்லுங்க தம்பி" என்று பூத்துக்காரர் முழு விவரத்தையும் வாங்கிவிட்டார். நான் போனைத் தொடும்போதே வாசலில் நின்றவர்கள் எனக்கு வழிவிட்டு மரியாதையாக நின்றார்கள். அதுவரை அப்படி யாரும் நின்றதில்லை.

நான் ஒன்றும் பீற்றிக்கொள்ளவில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேட்க நினைத்துக் கூச்சப்பட்டவர்களுக்கு நானாகவே சொன்னேன். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது லூர்து பிடித்துக்கொண்டாள். லூர்து என் வீட்டுக்காரரின் தங்கை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நான் ஒரு படி என்றால் அரைப்படிதான் இருக்கும் என்பாள்; என் கல்யாணத்தன்றைக்கு ஆரம்பித்தது, இன்றைக்கும் நிற்கவில்லை.

"கப்பல்னா எம்புட்டு நீளம் மதினி?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

எனக்கு என்ன தெரியும்? திரும்பிப் பார்த்தேன். கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"நம்ம கோயில் நீளம் இருக்கும்."

"மணிக்கூண்டு சேத்தா, சேக்காமயா?"

"சேத்துத்தான்."

கூட்டம் கோயிலை ஒரு முறை பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. பிறகு லூர்தைப் பார்த்தது. எங்கள் ஊரில் நான் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். லூர்து சொன்னால்தான் நம்புவார்கள்.

அப்புறம் சேவியர் என்னையும் அவன் அப்பாவையும் வரச் சொன்னான். என் வீட்டுக்காரர், "மாட்ட யாரு பாக்குறது?" என்று ஒரே வார்த்தையில் கழன்றுகொண்டார். துணைக்கு லூர்து வந்தாள். கிளம்புகிற அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் வழியனுப்ப வந்தவர்களிடம், "எங்கண்ணால பாத்துட்டு வந்து, பாத்ததப் பாத்தபடி சொல்றேன்" என்று சத்தியம் செய்வதுபோல் சொல்லிவிட்டு ஏறினாள். அந்த நிமிஷமே நான் பையிலிருந்து செபமாலையை எடுத்துவிட்டேன். விமானத்துக்குப் பயந்து எடுத்தேன் என்று அவள் பின்னால் சொன்னாள். இல்லை, பஸ்ஸிலேயே எடுத்தாயிற்று.

பினாங்கில் இறங்கியதும் சேவியர் எங்களை நேரே சாப்பிடக் கூட்டிப்போனான். ஒரு கிண்ணத்தில் வைத்தார்கள். மீன் புளிக்குழம்பில் யாரோ கை தவறி இடியாப்பத்தைப் போட்டு, அதை எடுக்காமல் அப்படியே கொடுத்ததுபோல் இருந்தது. மேலே அன்னாசிப்பழத் துண்டும் புதினாவும் கிடந்தன. லூர்து குழம்பை மட்டும் குடித்துவிட்டு, "புளி பத்தல" என்றாள். நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். பிள்ளை வாங்கிக் கொடுப்பதைக் குறை சொல்லக் கூடாது. புளி பத்தவில்லைதான்.

அங்கிருந்து கப்பலுக்குப் போனோம். கடலோரத்தில் ஒரு பட்டறை. ஓட்டைப் படகுகளும் துருப்பிடித்த நங்கூரங்களும் புல்லுக்குள் கிடந்தன. அதன் முதலாளி ஒரு சீனர். அங்கே முதலாளியைத் தவுக்கே என்கிறார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பனியனோடு இருந்தார்.

"இதாம்மா" என்றான் சேவியர்.

எதிரே, மரத்தாலான முட்டுக்கட்டைகளின் மேல், தண்ணீருக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், மஞ்சள் பாரித்த வெள்ளையில் ஒரு படகு உட்கார்ந்திருந்தது. அடிவயிறு முழுக்கச் சிப்பி. மேலே ஒரு கண்ணாடி அறை. நான் அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கப்பல் அதற்குப் பின்னால் இருக்கும் என்று நினைத்தேன். பின்னால் ஒரு பப்பாளி மரம் இருந்தது.

"இதுவா மதினி?" என்றாள் லூர்து.

படகின் நிழலில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. கப்பலின் நிழலில் கோழி மேய்ந்து நான் பார்த்ததில்லை. லூர்தும் பார்த்ததில்லை, அதை அவள் வாய்விட்டும் சொன்னாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடிமேல் அடி வைத்து நடந்து அளந்தாள்.

"நம்ம கோயில்ல பாட்டுக்காரங்க நிப்பாகல்ல, அந்த எடந்தான் வருது. ஆர்மோனியப் பெட்டிய வெளிய வைக்கணும்."

சேவியருக்கு எங்கள் சண்டை தெரியாது. அவன் சந்தோஷமாக விவரம் சொன்னான். மீன்பிடி விசைப்படகின் உருவத்தில் கட்டிய, மீன் பிடிக்காத படகு. ஒரு வெள்ளைக்காரர் அதிலேயே குடித்தனம் நடத்தி ஊர் ஊராகப் போனாராம். வயதாகி அவர் விட்டுவிட்டுப் போக, பல வருஷம் இங்கேயே கிடந்ததாம்.

"மீன் பிடிக்காதா?" என்றாள் லூர்து.

"இல்லத்தே."

"மூட்டை ஏத்துமா?"

"இல்லத்தே. சும்மா உக்காந்து போறது."

"சும்மா உக்காந்து போறதுக்கு பஸ்ஸு இருக்கே மருமகனே."

ஏணி வைத்து ஏறினோம். இரண்டு கிழவிகள் கப்பலில் ஏணி வைத்து ஏறுவதைப் பார்க்க, பட்டறை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்கள். உள்ளே சமையல்கட்டு, கட்டில், அலமாரி, எல்லாம் கைக்கடக்கமாக இருந்தன. எல்லாம் தேக்கு. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. எங்கள் பக்கம் செட்டியார் வீடுகளில் பர்மாத் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் சேராது. நல்லது கெட்டதுக்குப் போகும்போதெல்லாம் யாரும் பார்க்காத நேரம் ஒரு தடவு தடவிவிட்டு வருவேன். தேக்கு எனக்குத் தெரியும்.

"தொட்டுப் பாரு லூர்து. தேக்கு."

அவள் தொட்டாள். "தேக்குதான். ஒழுகியிருக்கு" என்றாள்.

கட்டிலுக்கு மேலே மழைத்தண்ணீர் வழிந்த கறை இருந்தது. கட்டிலில் ஒரு பூனை நாலைந்து குட்டிகளோடு குடியிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் மருமகள் ரீத்தா, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "லீவு நாள்ல இவர வீட்டுல பாத்து ஒரு வருஷம் ஆச்சு அத்தே. அது இவருக்கு ரெண்டாந்தாரம். என்னையக் கட்டினப்பக்கூட இம்புட்டுத் தேச்சுக் குளிப்பாட்டல."

சேவியர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். இயந்திரத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசத் தெரியாது. அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். அப்புறம் மெதுவாக, பௌர்ணமிக்குத் தண்ணீரில் இறக்கிவிடலாம் என்று பார்க்கிறேன் என்றான். பட்டறையிலிருந்து கடலுக்குள் ஒரு தண்டவாளம் போகிறது. கடல் நன்றாகப் பெருகி வருகிற நாளில்தான் அதில் படகை இறக்க முடியும். பௌர்ணமிப் பெருக்கை விட்டால் அமாவாசைக்குத்தான். நாங்கள் ஊர் திரும்புவது பௌர்ணமிக்கு மறுநாள்.

கடல் இப்படி நேரம் பார்த்து ஏறி இறங்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் ஊருணித் தண்ணீர் மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். சொல்லிவைத்தாற்போல் ஒரு நாளும் வந்ததில்லை.

படுக்கப் போகும்போது லூர்து சொன்னாள்: "மதினி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. அது தண்ணியில மெதந்து, நான் அதுல ஏறிக் கடலுக்குள்ள போயிட்டு வந்தேன்னா, கப்பல்னு ஒத்துக்கிறேன். இல்லன்னா பாத்ததப் பாத்தபடிதான். கோழி மேஞ்சதையும் சேத்து."

"பூனை குட்டி போட்டதயும் சொல்லேன்."

"அத மறந்துருந்தேன். நல்லவேள சொன்னீக."

மறுநாள் சேவியர் காலையிலேயே பட்டறைக்குப் போய்விட்டான். நாங்கள் பின்னால் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். நிறுத்தம் வந்ததும் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். காரைக்குடி பஸ்ஸில் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி, பையை எடுத்துக் கையில் கொடுத்து இறக்கிவிடுவார்கள். இவர் வாயே திறக்கவில்லை. கடல் வந்தது, போனது. மலை வந்தது. கோயில், மசூதி, மறுபடியும் கடல். கடைசியில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை. வண்டி திரும்பிப் புறப்பட்டது.

பக்கத்துச் சீட்டில் இரண்டு மலாய்ப் பெண்கள் எங்களைக் காட்டி ஏதோ பேசிச் சிரித்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு பெரியவர் முன்னாலிருந்து திரும்பி, "ஒண்ணுமில்லம்மா. இந்தப் பாட்டிங்க பஸ்ஸ வாடகைக்குப் புடிச்சிருக்காங்களான்னு கேக்குறாங்க" என்றார். அவர்தான் மணியை நாமே அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு லூர்து ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மணி அடித்தாள். இறங்குவதற்கு இல்லை. அடித்தால் நிற்கிறதே என்றுதான்.

பட்டறையில் வேலை நடக்கிற வேகத்தைப் பார்த்தால் பௌர்ணமி என்ன, அடுத்த கிறிஸ்துமஸுக்கும் இறங்காது. சேவியர் ஒரு திருகாணியைக் கழற்றுவான். அதைத் துடைப்பான். வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பான். பிறகு தே தண்ணீர் குடிக்கப் போவான். நான் லூர்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது சரிப்படாது என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே இறங்கினேன்.

தேக்குக் கைப்பிடியெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிப்பது என் வேலையானது. வெயில் ஏறுவதற்குள் ஒரு கை, சாய்ந்தபின் ஒரு கை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த லூர்து அரை நாள்தான் தாக்குப்பிடித்தாள். சிப்பி சுரண்டுகிற ஆளிடமிருந்து சுரண்டியைப் பிடுங்கி, "இப்படியா செதில் எடுக்கிறது? வால்ல இருந்து தலைக்குப் போகணும்" என்று படகின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். கெண்டை மீன் ஆய்வதுபோல் ஆய்ந்துகொண்டே போனாள். எனக்கு உதவி என்று அவள் சொல்லவில்லை. "அழுக்கோட பாத்தா எனக்குச் சோறு எறங்காது" என்றாள்.

பிற்பகலில் கொண்டுவந்திருந்த தேன்குழலையும் சீப்புச் சீடையையும் எல்லோருக்கும் கொடுத்தோம். தவுக்கே சீப்புச் சீடையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று. பிறகு தின்றார். பிறகு டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். எங்கள் வேலையைப் பார்த்து ஒரு பாட்டம் பேசினார். மூச்சு விடாமல், கையை ஆட்டி, கடலைக் காட்டி, எங்களைக் காட்டி.

"என்னடா சொல்றாரு?" என்றேன்.

"நல்லாருக்குன்னு சொல்றாரும்மா" என்றான் சேவியர்.

அத்தனை பேச்சுக்கு இது சின்ன மொழிபெயர்ப்பு என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் நல்லாருக்கு என்றால் நல்லாருக்குதானே.

படகு நாளுக்கு நாள் தேறியது. மேல்தளத்துப் பலகை இடுக்கெல்லாம் சேவியர் கறுப்புப் பசை போட்டு அடைத்தான். பூனைக்கும் குட்டிகளுக்கும் தவுக்கேயின் அறையில் இடம் கிடைத்தது. இயந்திரம் ஒரு நாள் இருமியது, மறுநாள் தும்மியது, அதற்கடுத்த நாள் கறுப்புப் புகையைத் தவுக்கேயின் பனியன் மேல் விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது.

பௌர்ணமிக்கு முந்தின நாள். அடியில் பெயிண்ட் அடிக்க வேண்டும். சிப்பி ஒட்டாமலிருக்க அதில் விஷம் கலந்திருக்கிறதாம். நல்ல காவிச் சிவப்பு. எங்கள் கையில் உறையை மாட்டிவிட்டு, "வாயில படாமப் பாத்துக்கங்க. சிவப்பு இருக்கிற எடம் பூராவும் அடிங்க" என்று சொல்லிவிட்டு, இயந்திரத்துக்கு ஏதோ ரப்பர் சக்கரம் வாங்க டவுனுக்குப் போய்விட்டான் சேவியர்.

வெள்ளையடிப்பதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னால் எங்கள் ஊரில் சுவருக்கு மட்டுமா அடிக்கிறோம்? மாட்டுத் தொழுவம், உரல் மேடை, கிணற்றுச் சுவர், வாசல் வேப்பமரத்தின் அடிமரம், எல்லாவற்றுக்கும் அடிப்போம். ஒரு இடம் விட்டுப்போனால், "ஏன், சுண்ணாம்பு தீந்துபோச்சா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர்கள் உள்ள ஊர். அங்கே சுவரில் சாய்ந்தால் முதுகு வழுக்கும்.

அப்படிப்பட்ட நாங்கள் சிவப்பு அடித்துக்கொண்டே பின்பக்கம் போனால், படகைத் தள்ளுகிற வெண்கல விசிறிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு சாம்பல் நிறக் கட்டிகள். எலி கடித்த வெல்லக் கட்டி மாதிரி குழி குழியாக, விகாரமாக இருந்தன.

"இந்த அசிங்கத்த இப்படியே விட்டா யாரச் சொல்வாக?" என்றேன்.

"உங்களத்தான் சொல்வாக" என்றாள் லூர்து. சொல்லிவிட்டு, ஓட்டை அடைக்கிற புட்டி டப்பாவை எடுக்க அவள்தான் முதலில் போனாள்.

பட்டறை ஆட்கள் இரண்டு டப்பாவிலிருந்து சமமாக எடுத்துக் குழைப்பதைப் பார்த்திருந்தோம். அதேபோல் குழைத்தோம். இந்தப் பக்கத்துக் கட்டிக்கு நான், அந்தப் பக்கத்துக்கு அவள். குழியெல்லாம் அடைத்து, ஓரத்தை இழைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, சிவப்பு அடித்தோம். நான் ஒரு பூச்சு அடித்தால் அவள் இரண்டு பூச்சு.

"கைய வச்சுப் பாருங்க மதினி. வழுக்குதா?"

வழுக்கியது. என்னுடையதைவிடக் கொஞ்சம் கூடவே வழுக்கியது. நான் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை. கடல் ஏறத் தொடங்கிவிட்டது. படகைத் தண்டவாள வண்டிமேல் ஏற்றியாயிற்று. ரீத்தா ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு, வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொட்டலங்களோடு வந்துவிட்டாள். லூர்து ஊரிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த மந்திரித்த தீர்த்தத்தோடு நின்றாள். சேவியர் பளபளவென்று இரண்டு புதுக் கட்டிகளை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் நுழைந்தான். வெகுநேரம் வரவில்லை. அந்தப் பக்கமாக வெளியே வந்தான். மறுபடி நுழைந்து இந்தப் பக்கமாக வந்தான்.

"இங்க ரெண்டு கட்டி இருந்துச்சே. யாரும்மா கழட்டினது?"

லூர்து என் இடுப்பில் கிள்ளினாள். "பாத்தீகளா மதினி, அவனுக்கே எடம் தெரியல. வேலன்னா இது வேல."

"கழட்டலப்பா. நல்லாக்கிட்டோம்" என்றேன்.

சேவியர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பாவும் அப்படித்தான். கோபம் வந்தால் கத்தமாட்டார், உட்கார்ந்துவிடுவார். எழுப்புவதுதான் கஷ்டம்.

"அம்மா, அது துத்தநாகம். அதக் கழட்டிட்டுத்தான் இந்தப் புதுசப் போடணும். கடல் தண்ணிக்குள்ள வேற வேற உலோகம் சேந்து கெடந்தா மின்சாரம் ஓடி ஒண்ண ஒண்ணு அரிக்கும். இந்தக் கட்டிய வச்சா, அது மொதல்ல இதத்தான் அரிக்கும். இது தீர்ற வரைக்கும் விசிறியத் தொடாது. அரிக்கட்டும்னுதாம்மா வைக்கிறதே. அதப் போயி..."

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. "அடப்பாவி, அப்ப இது வாசல்ல கட்டுற திருஷ்டிப் பூசணிக்கா! மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"திருஷ்டிய மூடி வச்சா கண்ணு நேரா வீட்டு மேலல்ல விழும்!" என்று லூர்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "நான் அப்பவே நெனச்சேன். புட்டி போடலாம்னு மதினிதான்..."

"ரெண்டு பூச்சு அடிச்சது யாருடி?"

தண்ணீர் முதல் தண்டவாளக் கட்டையைத் தொட்டுவிட்டது. தவுக்கே கடிகாரத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், ஒரு பாட்டம் பேசினார். இந்த முறை சேவியர் மொழிபெயர்க்கவே இல்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

உளியும் சுத்தியலும் வந்தன. புட்டி கல்லாக இறுகிப்போயிருந்தது. என் பக்கத்தில் இரண்டு அடியில் விரிசல் விட்டது. லூர்தின் பக்கம் அசையவில்லை. அவ்வளவு நேர்த்தியாகப் பூசியிருந்தாள். அவளே ஒரு உளியை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்து, தன் வேலையைத் தானே கொத்தினாள். முகமெல்லாம் சிவப்புத் தூள். "இன்னும் கொஞ்சம் மோசமாப் பூசியிருக்கலாம்" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னாள். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் தன்னைக் குறைத்துச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

தண்ணீர் என் பாதத்துக்கு வந்தது. கெண்டைக்காலுக்கு வந்தது. சேவியர் ஸ்பானரோடு காத்திருந்தான். ஒரு வழியாகக் கடைசி போல்ட்டின் தலை தெரிந்தது. பழையதைக் கழற்றி வீசினான். புதியதை மாட்டி இறுக்கினான். தவுக்கே தன் கையாலேயே சங்கிலியைத் தளர்த்தினார். லூர்து பாட்டிலைத் திறந்து தீர்த்தத்தைப் படகின் மேல் பாதியும் தவுக்கேயின் மேல் பாதியுமாகத் தெளித்தாள்.

படகு கிறீச்சென்று கடலுக்குள் இறங்கியது. ஒரு பக்கம் சாய்ந்தது. என் உயிர் போனது. பிறகு நிமிர்ந்து, எருமை குளத்தில் படுப்பதுபோல் நிம்மதியாக உட்கார்ந்தது.

மிதந்தது.

ஏறினோம். உள்ளே போன லூர்து உடனே வெளியே ஓடி வந்தாள். "தண்ணி வருது மருமகனே!" விசிறித் தண்டு உள்ளே நுழைகிற இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"அது சொட்டணும் அத்தே. சொட்டலைன்னாத்தான் பயப்படணும். தண்டு சூடாயிரும்."

"மூட வேண்டியத மூடாம விடணுமாம். ஒழுக வேண்டாததுன்னு நெனச்சா அது ஒழுகணுமாம். என்ன சாமானோ" என்று உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எங்கள் தெருக்குழாயும் அப்படித்தான் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடலுக்குள் போனோம். டுக் டுக் டுக் என்று ஒரே சீராகச் சத்தம். ரீத்தா கட்டி வந்த தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலியும் மிளகாய்த் துவையலும் இருந்தன. லூர்து இரண்டு பொட்டலம் சாப்பிட்டாள். குறையே சொல்லவில்லை. காற்றில் அவள் நரைமுடி பறந்தது. பெரிய சரக்குக் கப்பல் ஒன்று தூரத்தில் போனது. நான் அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

கரை சின்னதாகத் தெரிகிற தூரத்தில் இயந்திரம் சூடேறி நின்றுவிட்டது. இயந்திரச் சூடு ஆறத் தண்ணீர் உறிஞ்சுகிற ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் பை போய் அடைத்துக்கொண்டது என்று பின்னால் தெரிந்தது. அப்போது அது தெரியாது. நான் மறுபடி செபமாலையை எடுத்துவிட்டேன். கடைசியில் சின்ன மீன்பிடிப் படகு ஒன்று வந்து, எங்கள் மூக்கில் கயிறு கட்டி இழுத்தது. அந்த மீனவர் திரும்பித் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்னடா சொல்றாரு?" என்றேன்.

இந்த முறை சேவியர் ஒளிக்கவில்லை. "ரெண்டு பாட்டிகள எறக்கிவிட்டா பாதி பாரம் கொறயுமேன்னு கேக்குறாரும்மா."

லூர்து சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கவும் இல்லை. கரைக்கு வரும்வரை கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த மௌனம் விமானத்திலும் தொடர்ந்தது. திருச்சியிலிருந்து வருகிற பஸ்ஸிலும் தொடர்ந்தது. என்னோடு பேசாத லூர்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மனதுக்குள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குகிறாள் என்று தெரிந்துகொண்டேன். கோழி, பூனை, புட்டி, கயிறு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கெளம்பு" என்றார். பூசை முடிந்தது. பூத்துக்காரர் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். கூட்டம் லூர்தைச் சுற்றிக்கொண்டது.

"கப்பலப் பாத்தீகளா? கோயில் நீளம் இருக்கா?"

லூர்து கோயிலை ஏறிட்டுப் பார்த்தாள். மணிக்கூண்டு வரைக்கும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

"நீளத்த விடுங்க" என்றாள். "ஏணி வச்சுல்ல ஏறணும்."

"ஏணியா!"

"பின்ன? சும்மா ஏறிற முடியுமா? அடியில நின்னு அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். அதுக்குக் கீழயே கோழி மேயும்னா பாத்துக்கங்களேன். உள்ள பூராவும் தேக்கு. வெள்ளைக்காரன் குடித்தனம் பண்ணினது. தண்டவாளம் போட்டு எறக்குறாக, ரயிலு மாதிரி. அதுவும் எல்லா நாளும் எறங்காது. பௌர்ணமிக்குத்தான் எறங்கும்."

"கடலுக்குள்ள போனீகளா?"

"போகாமயா? போயிட்டு வரும்போது, முன்னால ஒரு படகு கயிறு கட்டிக் கூட்டிட்டு வந்துச்சு. தானா வர விடமாட்டாக." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பெரிய கப்பலுக்கெல்லாம் அப்படித்தானாம்."

கூட்டம் என்னைப் பார்த்தது. இந்த முறை கோயிலை யாரும் பார்க்கவில்லை. பூத்துக்காரர், "அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "ஏண்டி லூர்து" என்று ஆரம்பித்தேன்.

"என்ன? ஒரு பொய் சொன்னேனா? பாத்ததப் பாத்தபடிதான சொன்னேன்." சட்டென்று நின்றாள். "எங்க அண்ணன் மகன் கப்பல நானே கொறச்சுப் பேசினா, ஊருக்காரன் என்ன பேசுவான்? நீங்க ஒரு பக்கம், கோயில் நீளம்னு அளவெல்லாம் சொல்லி வச்சிருக்கீக. இனிமே எதுனாலும் எங்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லுங்க மதினி."

கழற்றிப் போட்ட பழைய துத்தநாகக் கட்டிகளைச் சேவியரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தோம். ஆளுக்கு ஒன்று. சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிற குழி குழியான கட்டியை, வாசலில் குருத்தோலைச் சிலுவைக்குக் கீழே கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சாமியார் வீடு மந்திரிக்க வந்தபோது, "இது என்னம்மா?" என்று கேட்டார். கப்பல் சாமான் என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

திருவிழாவுக்கு முந்தின வாரம் லூர்து வீட்டுக்குப் போனேன். சுவர், தொழுவம், உரல் மேடை, வேப்பமரம் எல்லாம் பளிச்சென்று வெள்ளையடித்து முடித்திருந்தாள். வாசலில் அவளுடைய கட்டி தொங்கியது. அதற்கும் அடித்திருந்தாள். இரண்டு பூச்சு.